போட்டாச்சு

இந்த வண்டி எப்படி விழுந்தது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது தம்பி. ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிற கதை. கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கு முன்னால் வண்டி பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கே அதில் அரை நம்பிக்கைதான். அரை கூட இருக்காது. சொல்கிறபோது இருக்கும், சொல்லி முடித்து வீட்டுக்கு வந்தால் இருக்காது.

கதை சின்னது. என் வீட்டுக்காரி சக்கரத்துக்குக் கட்டை போட மறந்துவிட்டாள், வண்டி உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

நீங்கள் உட்காருங்கள். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. திண்டுக்கல்லில் இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், வீட்டில் ஒரு பையன் என்றும் சொன்னீர்கள். இன்றைக்கு முழுசாகவே சொல்லிவிடுகிறேன். விழுந்த வண்டி என்பதை மறைத்து விற்கிற ஆள் இல்லை நான். எப்படி விழுந்தது என்பதைத்தான் இத்தனை வருஷம் மறைத்துவிட்டேன்.

எண்பத்தாறாம் வருஷத்து ஜீப். போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஆள் ஏற்றவும் மூட்டை ஏற்றவும் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கி வந்த அன்றைக்கு ஸீட்டைத் தூக்கினால் அடியில் கைப்பிடி ஏலக்காய் கிடந்தது. தவமணி அதைப் பொறுக்கிப் பாயசத்தில் போட்டாள். பாயசத்தில் டீசல் வாசம் அடித்தது. தவமணிதான் என் வீட்டுக்காரி. எங்களுக்கு ஒரே பெண், தாரிணி. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இதுல எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வண்டி வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் அத்தனை சந்தோஷம்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு வாத்தியார். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அரத்தைப் பிடித்து அரை மில்லிமீட்டர் பிசகாமல் ராவச் சொல்லிக்கொடுப்பவனுக்கு, வண்டியை வந்தபடியே ஓட்ட மனசு வருமா? உத்தமபாளையத்தில் காசிம் ராவுத்தர் என்று ஒரு மெக்கானிக். அவரும் நானுமாக மூன்று வருஷம் இதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தோம். இன்ஜினை இறக்கிவிட்டு வேறு இன்ஜின். நாலு கியருக்குப் பதில் அஞ்சு கியர் பெட்டி. பவர் ஸ்டீயரிங். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். டயர் பாருங்கள், உங்கள் இடுப்பு உயரம். தலைக்கு மேலே இந்தக் குழாய்க் கூண்டு முழுக்க என் வெல்டிங். தட்டிப் பாருங்கள். தட்டுங்கள், ஒன்றும் ஆகாது. நாற்பதடி விழுந்தே ஒன்றும் ஆகவில்லை.

முன்னால் இருக்கிறது பாருங்கள், விஞ்ச். சேற்றில் சிக்கினால் கம்பி வடத்தை ஒரு மரத்தில் கட்டிவிட்டால் போதும், வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இவ்வளவு செய்தோமா? ஒன்றை விட்டோம். பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது, உங்களுக்குத் தெரியும். கியர் பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டில் ஒரு டிரம்மாக இருக்கும். புதுப் பெட்டி நீளம் அதிகம், டிரம்முக்கு இடம் இல்லை. ராவுத்தர் சொன்னார், "சார், ஹேண்ட்பிரேக்குக்கு வேற ஏற்பாடு பண்ணணும். ரெண்டு வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்க." அந்தச் சனிக்கிழமை மேகமலை போவதாகத் திட்டம். "பிறகு பார்த்துக்கலாம் ராவுத்தரே" என்றேன். பிறகு பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மலை இருந்தது.

அதற்குப் பதில்தான் கட்டை. வேங்கை மரம், முப்பது டிகிரி சாய்வு, அடியில் ரப்பர் ஒட்டி, ஓரமெல்லாம் இழைத்து நானே செய்தது. மூன்று பேருக்கும் வேலை பிரித்து அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் செய்வோம். தாரிணி இறங்கி முன்சக்கர லாக்கைத் திருப்ப வேண்டும், அப்போதுதான் நாலு சக்கரமும் இழுக்கும். தவமணிக்குக் கட்டை. சாய்வில் நிறுத்தினால் நான் பிரேக்கை மிதித்தபடி "கட்டை?" என்பேன். அவள் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு "போட்டாச்சு" என்பாள். அதற்கப்புறம்தான் காலை எடுப்பேன். காலை எடுத்ததும் வண்டி ஒரு விரல்கடை பின்னால் வந்து கட்டையில் உட்காரும். அந்த உட்காருகிற அசைவு முதுகெலும்பில் தெரியும்.

கட்டை? போட்டாச்சு. கட்டை? போட்டாச்சு. மூன்று வருஷம் எங்கள் வீட்டில் இதைவிட அதிகமாகப் பேசிய பேச்சு வேறு இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கே எல்லாம் போனோம்! மேகமலைக்கு மட்டும் ஒன்பது தடவை. மழையில் தவமணி வண்டிக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து உப்புமா கிண்டுவாள், பாதி உப்புமா பாதி மழைத் தண்ணீர். தாரிணிக்கு வளைவு ஏறினால் வாந்தி வரும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்வேன். மூன்று வருஷமும் பழகிக்கொண்டேதான் இருந்தாள், பாவம், விடவில்லை. ஒருதரம் தவமணியின் தங்கை வீட்டு விசேஷத்தன்று ஓர் ஓடைக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். பட்டுச்சேலை முட்டி வரை நனைய, தலையில் பூவோடு தவமணி தண்ணீரில் நின்று வடத்தைப் பிடித்தாள். விசேஷத்துக்குப் போகவில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட அனுபவம்! காசு கொடுத்தால் கிடைக்குமா?

வீட்டில் கிண்டல் ஓடும். தாரிணி கேட்பாள், "அப்பா, இது வண்டியா, இல்ல உங்க மூத்த பிள்ளையா?" தவமணி அடுப்படியில் இருந்து, "மூத்த பிள்ளைன்னா இந்நேரம் வளந்து வேலைக்குப் போயிருக்கும்டி. இது காலத்துக்கும் தொட்டில்ல கெடக்குற பிள்ளை" என்பாள். சிரிப்போம். நான் சிரிப்பேன். அவர்களும் சிரித்தார்கள் என்றுதான் நினைவு.

இருங்கள், அந்தக் கதவைத் திறந்துவிடுகிறேன். உள்ளே புழுங்குகிறது.

தாரிணிக்குப் பதினைந்து வயதான ஐப்பசி மாதம். பத்தாம் வகுப்பு. ஸ்கூல் கோ-கோ அணியில் இருந்தாள், நன்றாக ஓடுவாள். அந்தச் சனிக்கிழமை பெரியகுளத்தில் ஏதோ போட்டி இருந்தது, மண்டல அளவில். அதே வாரம் மழை விட்டிருந்தது. போடிக்கு மேலே பழைய தோட்டத்துப் பாதை ஒன்று. மழைக்காலத்தில் போக முடியாது, வெயில் காலத்தில் போவதில் அர்த்தம் கிடையாது. மழை விட்ட பத்து நாள்தான் அதற்கு ருசி. நான் சொன்னேன், "கோ-கோ அடுத்த வருஷமும் இருக்கும் கண்ணு. இந்தப் பாதை இருக்காது." அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் அணியின் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள், முதுகில் ஏழு என்று நம்பர் போட்டது. மலைக்கு எதற்கு இது, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றேன். ஸ்வெட்டரும் போடவில்லை.

பதினொரு மணிக்கு மேலே ஏறிவிட்டோம். கடைசி ஏற்றத்தில் முன் சக்கரம் ஒரு முழம் எழும்பி இறங்கியது தம்பி, என்ன ஏற்றம் தெரியுமா! மேலே ஒரு பாறை, பக்கத்தில் ஊற்று, பின்னால் பள்ளம். பள்ளம் முழுக்க ஏலச்செடி. வண்டியை மேலே பார்த்த மாதிரி நிறுத்தினேன். "கட்டை?" என்றேன்.

"போட்டாச்சு" என்று தவமணி சொன்னது என் காதில் விழுந்தது. காலை எடுத்தேன்.

என்ன, கியரிலாவது போட்டு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்களா? கேட்பீர்கள் என்று தெரியும், நீங்களும் வண்டி தெரிந்தவர்தானே. வண்டியை விட்டு இறங்குகிறபோது கியரில்தான் இருந்தது. ஆனால் ஏறி வருகிறபோது அடியில் ஒரு தட்டல் சத்தம் கேட்டது. ஷாஃப்ட் மூட்டில் ஆட்டம் இருக்கிறதோ என்று சந்தேகம். நியூட்ரலில் இருந்தால்தான் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்க்க முடியும். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, "நான் வண்டிக்கு அடியில கொஞ்ச நேரம் இருப்பேன், யாரும் வண்டியத் தொடாதீங்க" என்று சத்தமாகச் சொன்னேன். தவமணி புளிச்சாதத் தூக்கோடு ஊற்றுக்குப் போய்விட்டாள். தாரிணி வண்டிக்கு வலப்பக்கம் பாறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் இடப்பக்கமாக உள்ளே நுழைந்தேன். பத்து நிமிஷம் படுத்துக் கிடந்து பார்த்தேன். மூட்டில் ஒன்றும் இல்லை, கல் ஏதோ தட்டியிருக்கிறது. நுழைந்த பக்கமாகவே வெளியே வந்தேன். கையெல்லாம் கிரீஸ். கழுவலாம் என்று ஊற்றுக்குப் போனேன். வெளியே வந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

ஊற்றில் கையை நனைத்திருப்பேன். "டொக்" என்று ஒரு சத்தம். இன்னொரு "டொக்". அப்புறம் டயர் கல்லை அரைக்கிற சத்தம். திரும்பினால் வண்டி பின்னாலே போகிறது. வேகமே இல்லை. மேய்ச்சலுக்குப் போக மனசில்லாத எருமை மாதிரிப் போகிறது. விளிம்பில் ஒரு நொடி நின்றது கூட. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நானும் தவமணியும் ஓடி வந்தோம். தாரிணி விளிம்புக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெள்ளையாக இருந்தது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கால் மடங்கிவிட்டது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி போன அதிர்ச்சி என்று நினைத்தேன்.

"எப்படிடி உருண்டுச்சு?" என்று கத்தினேன்.

"அம்மா கட்டை போடல" என்றாள்.

தவமணி அவளைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "மறந்துட்டேன் போலருக்குங்க" என்றாள்.

கதை அங்கே பிறந்ததுதான். பிறந்த இடத்திலேயே அதற்கு என்னால் முடிந்த ஊட்டத்தை எல்லாம் கொடுத்தேன். தோட்டத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னாலும் தவமணியைக் கேட்காத கேள்வி இல்லை. ஒரு வேலை, ஒரே ஒரு வேலைதானே உனக்குக் கொடுத்தேன் என்றேன். ஏலக்காய் பறிக்கிற ஓர் அம்மாள்தான், "போதும் விடுங்கய்யா, உசுரு போகலையேன்னு கும்புடுவீகளா, இரும்புக்கு அழுவுறீக" என்று சொல்லித் தவமணியைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

வண்டியை மேலே எடுக்க நாலு நாள். மறுபடி இந்த நிலைமைக்குக் கொண்டுவர ரெண்டு வருஷம். இந்தத் தடவை ஹேண்ட்பிரேக்கும் வைத்துவிட்டேன், இதோ பாருங்கள், பின்சக்கரத்திலேயே. ஆனால் அப்புறம் அவர்கள் ரெண்டு பேரும் ஏறவில்லை. தவமணிக்கு முழங்கால் வலி. தாரிணிக்கு டியூஷன், ஹாஸ்டல், காலேஜ். நான் தனியாகப் போய்வருவேன். ஹேண்ட்பிரேக் இருந்தும் சாய்வில் நிறுத்தினால் வாய் தானாக "கட்டை?" என்று கேட்கும்.

கல்யாண வீடுகளில் கதையைச் சொல்வேன் என்றேனே. நான் சொல்லி முடித்ததும் தவமணி ஒரு முத்தாய்ப்பு வைப்பாள். "ஆமாங்க, எனக்கு மறதி ஜாஸ்தி. தாலி கட்டுற அன்னைக்கே எந்திரிச்சு ஓடணும்னு நெனச்சிருந்தேன், மறந்துட்டேன்." சபையே சிரிக்கும். அவள் ஒருதரம்கூட மறுத்ததில்லை. மறுத்திருந்தால் நானும் ஒருவேளை அன்றைக்கே யோசித்திருப்பேன்.

இல்லை. இது பொய். யோசித்தேன். விழுந்த மறுநாளே யோசித்தேன். போடாத கட்டை வண்டிக்குள் இருக்க வேண்டும் அல்லவா? வண்டிக்குள் இல்லை. உருண்ட இடத்திலும் இல்லை. காலை எடுத்தபோது வண்டி கட்டையில் உட்கார்ந்ததா? உட்கார்ந்தது, எனக்குத் தெரியும். ஆனால் யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து போய் ஏதாவது போல்ட்டை முடுக்குவேன். இந்த வண்டியில் நான் தேவையில்லாமல் முடுக்கிய போல்ட் எத்தனையோ இருக்கும்.

போன மாதம் கம்பத்தில் இருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வண்டி பார்க்க வந்தார். அவரிடமும் கதையைச் சொன்னேன். அவரும் உங்களை மாதிரியே கியரில் போடவில்லையா என்று கேட்டார். நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் படுத்திருந்ததைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார், "அந்த ஏத்தத்துல நியூட்ரல்ல பத்து நிமிஷம் அடியில படுத்திருந்தீங்கன்னா கட்டை இருந்திருக்கு சார். இல்லாட்டி உங்க மேலயில்ல ஏறியிருக்கும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். சும்மா, ஒரு பேச்சுக்கு. பக்கத்தில் தவமணி தட்டோடு நின்றிருந்தாள். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கையில் இருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பது வருஷம் பையன்களுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு திராட்சைக்காரருக்கு ஒரு டம்ளர் டீக்குள் புரிந்தது எனக்கு ஒன்பது வருஷம் புரியாமல் இருக்குமா? வேறு ஒருவர் வாயால் கேட்கிற வரைக்கும் அதை எனக்குள் வரவிடவில்லை. அவ்வளவுதான். அவர் வண்டியை வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் அன்றைக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாரிணி வந்திருந்தாள். ஓசூரில் வேலை, இருபத்து நாலு வயது ஆகிறது. மத்தியானம் பஸ். கிளம்புவதற்கு முன்னால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தவமணி அடுப்படியில் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். மூன்றாவது தடவை போனபோது அவளே கேட்டாள், "என்னப்பா?"

"அன்னைக்கு அம்மா கட்டை போட்டாளா?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியும் நிற்கவில்லை. காலரைத் திருப்பிப் போட்டாள்.

"போட்டாங்கப்பா."

"போடலைன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்புறம் எப்படி..."

"நான்தான் எடுத்தேன். கையால இழுத்தேன், வரல. உதைச்சுப் பார்த்தேன், வரல. கல்லை எடுத்துப் பக்கவாட்டுல ரெண்டு தட்டுத் தட்டினேன், வந்துருச்சு. கட்டையத் தூக்கிப் பள்ளத்துல எறிஞ்சேன்."

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் தோன்றியது, சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்பது. பாரம் ஏறிய கட்டையைப் பக்கவாட்டில்தான் தட்ட வேண்டும், நேராக இழுத்தால் வராது. அதற்கு அப்புறம்தான், "எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"வண்டி இல்லன்னா சனிக்கிழமை வீட்ல இருக்கலாம்ல. நானும் மேட்சுக்குப் போகலாம். அம்மாவும் கொஞ்சம் படுப்பாங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? மன்னிப்புக் கேக்கணுமா? அம்மாகிட்டன்னா கேக்குறேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்ல. அவங்க கேட்டதில்ல."

"கேக்க வேணாம்னுதான் கேக்கல" என்றாள் தவமணி. எப்போது வந்து வாசற்படியில் நின்றாள் என்று தெரியவில்லை. கையில் சாப்பாட்டு டப்பா, மூடி இன்னும் போடவில்லை. "என்னங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இதோட விடுங்க."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"வேணாங்க. அப்ப அவ சின்னப் புள்ள. நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். ஒம்பது வருஷமா எனக்குந்தான் தொண்டையில நிக்குது. நான் கேட்டனா? மறந்துட்டேன், மறந்துட்டேன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியல? விடுங்க."

தாரிணி அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்ன கேள்வி என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். விட்டிருக்கலாம். தவமணி சொன்ன மாதிரி விட்டிருக்கலாம் தம்பி. வண்டியை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பழைய கதையையே இன்னும் இருபது வருஷம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நான் கேட்டேன், "கல்லைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி, நான் வண்டிக்கு அடியில இல்லைன்னு குனிஞ்சு பார்த்தியாம்மா?"